வாரக் காய்கறிக் கூடைக்கு முன்பணம் வாங்கலாமா? கணக்கு எப்படிப் போடுவது?

தொண்டாமுத்தூர் தம்பி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கோவையை அடுத்த தொண்டாமுத்தூர் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் தோட்டம். ஒரு ஏக்கர் தென்னை, மீதி காய்கறி. போர்வெல் இருக்கிறது, சொட்டுநீர் போட்டாயிற்று. அப்பா காலத்தில் யூரியாவும் மருந்தும் போட்டுப் பழகிய மண். கடவூரில் நம்மாழ்வார் தொடங்கிய வானகம் பண்ணையில் இயற்கை வேளாண்மைப் பயிற்சிக்குப் போய் வந்த பிறகு நான் எதையும் கடையில் வாங்கிப் போடுவதில்லை. இரண்டு மாடு, 200 லிட்டர் பேரலில் ஜீவாமிர்தம் (சாணமும் கோமியமும் வெல்லமும் கலந்து ஊறவைத்தது), பூச்சிக்கு ஐந்திலைக் கரைசல், ஆண் பூச்சியை மணத்தால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி, அவ்வளவுதான். மூன்று வருடம் ஆகிறது.

விளைச்சலில் பெரிய குறை இல்லை. விற்பதில்தான் சிக்கல். உழவர் சந்தையில் பலகையில் எழுதிப் போட்ட விலைதான் எல்லோருக்கும். மருந்தடித்த கத்தரிக்கும் என் கத்தரிக்கும் ஒரே காசு. அதிலும் என் காயில் நாலு ஓட்டை தெரிந்தால் அந்த விலையும் இல்லை.

சரவணம்பட்டியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நண்பன் இருக்கிறான். அங்கே 50 குடும்பம் வாரா வாரம் கூடை வாங்கத் தயார், மூன்று மாதப் பணத்தை முதலிலேயே கொடுத்துவிடுவார்கள் என்கிறான். கூடவே ஒரு பட்டியலும் அனுப்பியிருக்கிறார்கள்: கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, தக்காளி, காலிஃபிளவர், இதெல்லாம் வாரா வாரம் வேண்டுமாம். சான்றிதழ் இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள்.

அம்மாவுக்கு இதில் இஷ்டமில்லை. "ஊரார் காசை வாங்கி வைத்துக்கொண்டு, மழையில் காய் போய்விட்டால் என்ன பதில் சொல்வாய்?" என்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. கூடைக்கு விலை எப்படி வைப்பது, காய் இல்லாத வாரம் என்ன செய்வது, சான்றிதழ் அவசியமா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

உடுமலை தோட்டத்துக்காரி:

தம்பி, அம்மா கேட்டதுதான் முதல் கேள்வி. அதை முடித்துவிட்டு விலைக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் வீட்டுக்காரரும் உடுமலைப்பேட்டைப் பக்கம் மூன்று ஏக்கரில் இதைத்தான் செய்கிறோம். 30 பங்கு, அதாவது முன்பணம் தந்து கூடை வாங்கும் 30 வீடு. பாதிப் பேர் உடுமலையிலேயே, மீதி பொள்ளாச்சியும் கோவையும்.

அவர்கள் தரும் முன்பணம் எதற்கு என்று முதலில் பேசி முடியுங்கள். "வாரம் இத்தனை கிலோ காய்" என்று பேசி வாங்கினால் அது கடன். மழை பெய்தாலும் காற்றடித்தாலும் கோயம்புத்தூர் மார்க்கெட்டில் வாங்கியாவது நீங்கள் தீர்த்தாக வேண்டும். பலர் அப்படித்தான் வெளிக்காயை வாங்கிக் கூடையில் போட ஆரம்பிக்கிறார்கள், அதோடு பேர் கெட்டுவிடுகிறது. அதற்குப் பதில் "இந்தத் தோட்டம் ஒரு வருடம் நடக்க இவ்வளவு செலவு, அதில் எங்கள் பங்கு இவ்வளவு" என்று அவர்கள் பணம் தந்தால், விளைந்ததிலும் அவர்களுக்குப் பங்கு, விளையாமல் போனதிலும் பங்கு. எங்கள் ஒப்பந்தத் தாளில் இதைத்தான் முதல் வரியாக எழுதியிருக்கிறோம். வாட்ஸப்பில் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வரச்சொல்லி, தென்னை மரத்தடியில் உட்காரவைத்து, வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ஐந்தாறு பேர் முகம் சுருங்கும். அவர்கள் அன்றைக்கே விலகிவிடுவது உங்களுக்கு நல்லது.

அப்புறம், 50 வேண்டாம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு வாரம் நாலரைக் கிலோ காயும் நாலு கட்டுக் கீரையும் வேண்டும். 50 வீட்டுக்கு வாரம் 225 கிலோ. வருடத்தில் 45 வாரம் கொடுத்தால் 10 டன். ஒன்றரை ஏக்கரில் 10 டன் காய் வராதா என்றால், வரும். கத்தரி மட்டும் போட்டாலே வரும். ஆனால் வாரா வாரம் ஏழெட்டு வகையாக, சமமாக வர வேண்டுமே, அங்கேதான் வேலை. ஒரு வாரம் வெண்டை மட்டும் 80 கிலோ வந்து நிற்கும், அடுத்த வாரம் ஒன்றும் இருக்காது. முதல் வருடம் 15 வீடு எடுங்கள். மிச்சக் காய் சந்தைக்கே போகட்டும். உழவர் சந்தை அட்டையை விட்டுவிடாதீர்கள்.

விதைப்பை இப்படிப் பிரியுங்கள். முளைக்கீரை 25 நாளில் பிடுங்கலாம், ஆகவே வாரம் ஒரு பாத்தி கிழமை தவறாமல் விதைக்க வேண்டும். நாங்கள் திங்கட்கிழமை விதைக்கிறோம். அரைக்கீரை வெட்ட வெட்டத் தழையும், அது இரண்டு பாத்தி போதும். வெண்டை 45 நாளில் காய்க்கு வந்துவிடும், அதன்பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும், ஒரு நாள் ஏமாந்தால் முற்றல்தான். மூன்று வாரத்துக்கு ஒரு தரம் நாலு வரிசை புதிதாக ஊன்றினால் காய் அறுபடாமல் வரும். கத்தரி நட்டு இரண்டு மாதத்தில் வந்தால் பல மாதம் நிற்கும். பீர்க்கன், புடலை, பாகலுக்குப் பந்தல். கொத்தவரையும் செடி அவரையும் இடைவெளிகளில்.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. கூடைத் தோட்டத்தைக் காப்பாற்றுவது இந்தக் காய்கள் அல்ல. சேனையும் மஞ்சள் பூசணியும் வாழைக்காயும் முருங்கையும்தான். சேனையைச் சித்திரை வைகாசியில் ஊன்றினால் தை மாசியில் தோண்டலாம், நிழலில் பரப்பி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. பூசணி பரணில் கிடக்கும். சித்திரை வெயிலில் வெண்டைப் பூவும் கத்தரிப் பூவும் உதிர்ந்து கொட்டுகிற வாரங்களில் முருங்கை சடை சடையாய்த் தொங்கும். அந்த வாரக் கூடையில் ஒரு துண்டு சேனை, கால் பூசணி, பத்து முருங்கைக்காய், கருவேப்பிலை, இரண்டு கட்டுக் கீரை. யாரும் குறை சொன்னதில்லை. குழம்புக்குக் காய் இருக்கிறது அல்லவா. உங்கள் பக்கம் காட்டுப்பன்றி வருமானால் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் மட்டும் போடாதீர்கள், அதற்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

இப்போது விலை. கிலோவுக்கு இவ்வளவு என்று பேசவே பேசாதீர்கள். எங்கள் கணக்கையே போடுகிறேன். பெண்ணாள் ஒருவர், நாளைக்கு 500 ரூபாய், வாரம் ஆறு நாள்: வருடத்துக்கு 1,56,000. எங்கள் இருவர் கூலி என்று மாதம் 12,000 எழுதுகிறோம்: 1,44,000. (இது குறைவுதான். பால் பணமும் தேங்காயும் இருப்பதால் ஓடுகிறது.) எரு, புண்ணாக்கு, விதை, சொட்டுநீர்க் குழாய், பந்தல் கம்பி, வண்டி பெட்ரோல், சாக்கு எல்லாம் சேர்த்து 1,20,000. மோட்டாருக்கு இலவச மின்சாரம், அது கணக்கில் வராது. மொத்தம் 4,20,000. 30 பங்குக்குப் பிரித்தால் பங்குக்கு 14,000. 45 வாரத்துக்கு வகுத்தால் வாரம் 311 ரூபாய். மீதி ஏழு வாரம் கூடை இல்லை: பொங்கல், ஐப்பசி அடைமழை, கோடையில் சில வாரங்கள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கணக்கை எல்லோர் முன்னாலும் வைக்க வேண்டும். வைக்கும்போது எங்கள் கூலியைப் பார்த்து ஒரு ஐயா, "மாதம் 12,000 போதுமா?" என்று அவராகக் கேட்டார். சந்தையில் யாராவது நம்மைப் பார்த்து அப்படிக் கேட்டிருக்கிறார்களா?

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். எங்கள் ஆட்களுக்கு அப்போதும் அதே 311தான். உடுமலை மார்க்கெட்டில் பெட்டி விலை விழுந்து, பறிகூலிக்கும் கட்டாமல் தக்காளியைச் செடியிலேயே விடுகிற காலமும் வரும். அப்போதும் 311தான். ஏறும்போது அவர்களுக்கு லாபம், இறங்கும்போது எங்களுக்கு. இதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள், நன்றாகப் புரியும்.

கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு கிடையாது என்று சொல்லிவிடுங்கள். அது ஊட்டிக்காரர்கள் வேலை. பீட்ரூட் நம் பக்கம் வரும், குளிர் மாதங்களில் காலிஃபிளவர் கொஞ்சம் முயலலாம், பத்தில் இரண்டு நிறைய புழு இருக்கும்.

புழு என்றதும் சொல்ல வேண்டியது. கத்தரியில் நுனிக்குருத்து தலை தொங்கினால் உள்ளே தண்டு துளைப்பான் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் காலையில் காப்பி குடித்த கையோடு கத்தரிப் பாத்தியில் ஒரு நடை. தொங்கும் குருத்தை ஒரு விரல் நீளம் கீழே தள்ளி ஒடித்துப் பிளந்து பார்த்தால் ரோஜா நிறத்தில் புழு நெளியும். ஒடித்ததை வாளியில் போட்டுக் கொண்டுவந்து மண்ணெண்ணெய்த் தண்ணீரில் கொட்ட வேண்டும். வரப்பில் எறிந்தால் அது திரும்பி வரும். பொறி மட்டும் கட்டிவிட்டுச் சும்மா இருந்தால் காய்க்குள் இறங்கிவிடும். இவ்வளவு செய்தும் பத்துக் காயில் ஒன்றில் ஓட்டை இருக்கும். ஓட்டைக் காயை நாங்கள் தனியாக ஒரு பையில் போட்டு, எடையில் சேர்க்காமல் கொடுத்துவிடுகிறோம். வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கிறார்கள். ஒளித்து வைத்தால்தான் சண்டை.

சான்றிதழ் பற்றி எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை, விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். எங்கள் கேட்டுக்குப் பூட்டு கிடையாது, யார் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதுதான் எங்கள் சான்றிதழ்.

சிங்காநல்லூர் மூன்றாவது மாடி:

நான் வாங்குகிற பக்கம். எங்கள் குடியிருப்பில் 22 வீட்டுக்கு நான்தான் பணம் வசூலித்து, கூடை பிரித்து, எல்லோரிடமும் திட்டு வாங்குகிறவள். அக்கா சொன்னதெல்லாம் சரி. இந்தப் பக்கம் நடப்பதையும் கேளுங்கள்.

ஆட்கள் விலகுவது விலையால் என்று நினைப்பீர்கள். இல்லை. கீரையால்! வேலைக்குப் போகிற இருவர் மட்டும் உள்ள வீட்டில் வாரம் நாலு கட்டுக் கீரையை யார் ஆய்வது? புதன்கிழமை வரை ஃபிரிட்ஜில் கிடந்து, வியாழன் குப்பைக்குப் போகும். இரண்டு மாதம் இப்படிக் குப்பையில் போட்டபின் மனசாட்சி உறுத்தி நின்றுவிடுகிறார்கள். காரணம் கேட்டால் "வெளியூர் போகிறோம்" என்பார்கள். நாங்கள் கீரை உண்டு, கீரை இல்லை என்று இரண்டு வகையாகப் பிரித்தோம். கீரை வேண்டாதவர்களுக்கு அதற்குப் பதில் வாழைப்பூவோ வாழைத்தண்டோ கொடுத்துப் பார்த்தார்கள், அதை உரிப்பது கீரையை விடப் பெரிய வேலை என்று சண்டை வந்தது. இப்போது தேங்காய் ஒன்று. எல்லோருக்கும் சம்மதம்.

இரண்டாவது, புடலங்காய். தொடர்ந்து ஐந்து வாரம் புடலங்காய் வந்தால் எந்தக் குடும்பமும் தாங்காது. வாட்ச்மேன் அறை பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்தோம். வேண்டாததை அதில் போடு, வேண்டியதை எடு. பாகற்காய் போட்டுவிட்டு வெண்டைக்காய் எடுக்கும் ஆட்களும் உண்டுதான், ஆனால் எங்கள் கீழ்வீட்டுத் தாத்தா பாகற்காய்க்காகவே காத்திருப்பார். எப்படியோ சமமாகிவிடுகிறது.

முன்பணத்துக்கு வருகிறேன். ஒரு தோட்டத்துக்கு ஆறு மாதப் பணம் கட்டினோம். இரண்டு மாதம் ஒழுங்காக வந்தது. பிறகு கூடை சிறுத்தது, பிறகு போனே எடுக்கவில்லை. பணம் போனதை விட, ஒரு வார்த்தை சொல்லாததுதான் எல்லோருக்கும் கோபம். ஆகவே தம்பி, முதலில் மூன்று மாதம் மட்டும் வாங்குங்கள். காய் குறைகிற வாரம் வியாழனே செய்தி போடுங்கள், பாத்தியை ஒரு போட்டோ எடுத்து. "மழையில் வெண்டை அழுகிவிட்டது, இந்த வாரம் ஐந்து வகைதான்" என்று ஒரு வரி போதும். போட்டோவைப் பார்த்தபின் எங்களில் ஒருவர்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்டதில்லை.

இன்னொன்று. புரட்டாசியில் திடீரென்று பத்து வீடு கூடுதலாகக் கேட்பார்கள், ஐப்பசி பிறந்ததும் காணாமல் போவார்கள். அவர்களைப் பங்கில் சேர்க்காதீர்கள்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:

சான்றிதழ் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். நம் நாட்டில் இரண்டு வழி உண்டு.

ஒன்று, மூன்றாம் தரப்புச் சான்று. தேசிய அங்கக (அதாவது இயற்கை வேளாண்) உற்பத்தித் திட்டத்தின் கீழ் வருவது. தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையின் தலைமை அலுவலகம் உங்கள் கோவையிலேயே இருக்கிறது. ஆய்வாளர் வந்து பார்ப்பார், பதிவேடு கேட்பார், கட்டணம் உண்டு. ஆண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு வருடம், தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று வருடம், ரசாயனம் போடாமல் காட்ட வேண்டிய மாறுதல் காலம். நீங்கள் ரசாயன உரத்தையும் மருந்தையும் நிறுத்திய அன்றைக்கே இந்தக் கணக்குத் தானாகத் தொடங்கிவிடாது, பதிவு செய்த நாளும் பார்ப்பார்கள். ஏற்றுமதி செய்பவருக்கும் பெரிய கடைக்குப் போடுபவருக்கும் இது வேண்டும்.

இரண்டாவது பிஜிஎஸ் இந்தியா, பங்கேற்பு உத்தரவாத முறை. 2011-ல் காசியாபாத்தில் உள்ள தேசிய அங்கக வேளாண்மை மையம் தொடங்கியது. குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர வேண்டும். ஒருவர் தோட்டத்தை மற்றவர்கள் போய்ப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, கையெழுத்துப் போடுவார்கள். மாறுதல் காலத்தில் பிஜிஎஸ் கிரீன், முடிந்த பின் பிஜிஎஸ் ஆர்கானிக். உங்களைப் போன்ற சிறு தோட்டத்துக்கு இதுதான் பொருந்தும். தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் ஐந்து பேர் சேர்ப்பது கடினமில்லை. சான்று இல்லாமல் பையில் அரசின் அங்கக முத்திரை எதையும் அச்சடித்துவிடாதீர்கள், அது குற்றம்.

உடுமலை அம்மா கேட் திறந்திருப்பதே சான்று என்றார். பாதி ஒப்புக்கொள்கிறேன். சரவணம்பட்டியிலிருந்து வருபவருக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி எது, இனக்கவர்ச்சிப் பொறி எது என்று தெரியாது. பக்கத்துத் தோட்டக்காரர் மருந்தடித்த தண்ணீர் உங்கள் வாய்க்காலில் வருகிறதா என்று பார்க்கத் தெரியாது. அதைப் பார்க்கத் தெரிந்தவர் இன்னொரு விவசாயிதான். உங்கள் எல்லையில் வரப்பு எவ்வளவு அகலம், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, அந்தப் பக்கத்தில் என்ன பயிர் என்பதை இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில் மேற்குப் பக்கத்துத் தோட்டத்தில் தெளித்தால் உங்கள் கீரைக்கு வந்து சேரும். அந்தப் பக்கம் அகத்தியும் சூபாபுல்லும் நெருக்கமாக வைத்து வேலி எழுப்புங்கள்.

முன்பணம் கொடுத்துப் பங்கு சேர்வது நாம் கண்டுபிடித்ததல்ல. ஜப்பானில் 'டெய்கெய்' என்ற பெயரில் வீட்டுப் பெண்களும் விவசாயிகளும் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அங்கே 1971-ல் இயற்கை வேளாண்மைச் சங்கம் அமைந்தது, 1978-ல் பத்து விதிகள் எழுதினார்கள். அதில் ஒரு விதி, விளைந்த எல்லாவற்றையும் வாங்குபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. புடலங்காய்ப் பிரச்சினை அவர்களுக்கும் இருந்திருக்கும் போல.

மண்டிக்காரன்:

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நேரடி விற்பனை என்று உழவர் சந்தை 1999-ல் மதுரையில் ஆரம்பித்து ஊர் ஊராக வந்துவிட்டது. அங்கே 150 ரூபாய்க்கு ஒரு வாரக் காய் வாங்கிப் போகிறவள் இருக்கிறாள். உங்கள் 311 ரூபாய்க் கூடை ஐடி கம்பெனிக்காரன் வீட்டுக்குத்தான் போகும். அக்கா தோட்டத்தில் 500 ரூபாய்க்குக் களை வெட்டுகிற பெண்ணுக்கு அந்தக் கூடையை வாங்க முடியுமா? மருந்தில்லாத காய் வசதியுள்ளவன் வயிற்றுக்கு மட்டும் என்றால் இதில் புரட்சி என்ன இருக்கிறது?

உடுமலை தோட்டத்துக்காரி:

புரட்சி என்று நான் சொல்லவில்லை அண்ணா, கத்தரிக்காய் விற்கிறேன். ஆனால் கேள்வி நியாயம்.

எங்களிடம் வேலை செய்யும் அக்காவுக்குக் கூலிக்கு மேல் ஒரு கூடை, மற்றவர்களுக்கு என்ன போகிறதோ அதே கூடை. அது 4,20,000 கணக்கிலேயே அடங்கியது. அவர் கையால் களை எடுத்த பாத்தி, அவர் வீட்டுக்குப் போகாமல் கோவைக்கு மட்டும் போனால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயரில் டெம்பிள் வில்டன் என்று ஒரு தோட்டம், 1986-லிருந்து நடக்கிறது. வருடத்துக்கு ஒரு கூட்டம். விவசாயிகள் செலவுக் கணக்கை வைப்பார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்களால் முடிந்ததைச் சொல்வார்கள். மொத்தம் எட்டவில்லை என்றால் எட்டும்வரை மறுபடி பேசுவார்கள். காய் எல்லோருக்கும் தேவைக்கேற்ப. இதைப் படித்தபோது நம் ஊரில் நடக்காது என்றுதான் வீட்டுக்காரர் சொன்னார். முழுதாக நடக்கவில்லை, உண்மைதான். கூட்டத்தில் பணம் பற்றி வாய்திறக்க நம்மவர்களுக்குக் கூச்சம். ஆகவே மூன்று தொகை வைத்தோம்: 250, 311, 375. எது என்று ஒரு சீட்டில் எழுதி என்னிடம் மட்டும் கொடுக்க வேண்டும். கூடையில் வித்தியாசம் கிடையாது. பாதிக்கு மேல் நடுத் தொகை. 375 தருகிறவர்களும் 250 தருகிறவர்களும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை, கணக்கு நேராகிவிடுகிறது. 250 ரூபாய்க்காரர்களில் ஒருவர் அங்கன்வாடியில் வேலை செய்பவர், ஒருவர் டெய்லர். 375-ல் யார் யார் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

150 ரூபாய்க்கு உழவர் சந்தையில் காய் வாங்குகிறவளுக்கு இது வராது, ஒப்புக்கொள்கிறேன். அவளுக்கு மருந்தில்லாத காய் கிடைக்க வேண்டுமானால் சந்தையிலேயே தனிக் கடை, அரசாங்க விலை, சத்துணவுக்குக் கொள்முதல் என்று வேறு வழிகள் வேண்டும். அதை 30 பங்கு வைத்திருக்கும் நான் செய்ய முடியாது. என்னால் முடிந்தது, எங்கள் தோட்டம் மூடாமல் இருப்பது.

தொண்டாமுத்தூர் தம்பி:

இவ்வளவு எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "விளையாததிலும் பங்கு" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார். இப்போது அவரே சேனைக்கு இடம் பார்க்கிறார், தென்னைக்கு நடுவில். 15 வீடு என்று நண்பனிடம் சொல்லிவிட்டேன், கேரட் இல்லை என்றதும் 50 தானாகவே 19 ஆகிவிட்டது.

இரண்டு சந்தேகம். ஆடியில் விதைக்கலாம் என்றிருக்கிறேன், ஆனால் எங்கள் பக்கம் ஆடிக் காற்று பந்தலைத் தூக்கிவிடும். எப்போது முதல் கூடை என்று சொல்லலாம்? அப்புறம், மயில். தக்காளி பழுக்க விடுவதே இல்லை.

உடுமலை தோட்டத்துக்காரி:

காற்றாலை நிற்கிற ஊரில் இருந்துகொண்டு ஆடிக் காற்று எனக்குத் தெரியாதா! ஆடிப்பெருக்குக்குப் பந்தல் காய் ஊன்றாதீர்கள். அப்போது கத்தரி நாற்று, வெண்டை, கொத்தவரை, செடி அவரை, மிளகாய், குட்டையாக நிற்பது மட்டும். பந்தலுக்கு ஆவணி பாதியில், காற்று அடங்கியபின். புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை முதல் கூடை என்று சொல்லுங்கள். அதில் கீரை, வெண்டை, கொத்தவரை, வாழைக்காய், தேங்காய் இருக்கும், போதும். பந்தல் காய் ஐப்பசியில் வந்து சேரும், அதற்குள் கத்தரியும் வந்துவிடும். முதல் கூடைக்கு முன்னால் சொந்தக்காரர்கள் நாலு வீட்டுக்கு இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள், எடை போட்டுக் கட்டுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரியும். எங்களுக்குச் சனிக்கிழமை விடியற்காலை நெற்றியில் லைட் மாட்டிக்கொண்டு கீரை பிடுங்கத்தான் அதிக நேரம். வேரோடு பிடுங்கி, மண்ணை அலசி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் மத்தியானம் வரை தலை தொங்காது. வேரை வெட்டிவிட்டால் கோவை போய்ச் சேர்வதற்குள் வாடிவிடும். மேலே அந்த மூன்றாவது மாடி அம்மாவுக்கு வேர் இருந்தால் ஆய்வது இன்னும் சிரமம், தெரியும். அதற்கு என்ன செய்ய.

மயிலை அடிக்கவோ விரட்டி வலையில் சிக்கவைக்கவோ கூடாது, வழக்காகிவிடும். தக்காளியை நிறம் திரும்பும்போதே, லேசாக மஞ்சள் ஓடியவுடன் பறித்து வைக்கோலில் வையுங்கள், மூன்று நாளில் பழுக்கும். நாற்றுக்கு மட்டும் வேலிக்கம்பி நட்டுப் பழைய சேலையைச் சுற்றிக் கட்டுங்கள். விதை ஊன்றிய பாத்தியில் பத்து நாளைக்குத் தென்னை ஓலை பரப்பி வைத்தால் அது கிளறாது.

சேனை விதைக்கிழங்கு இப்போதே யாரிடமாவது சொல்லி வையுங்கள். சித்திரையில் தேடினால் கிலோவுக்கு இஷ்டத்துக்கு விலை சொல்வார்கள். கால் கிலோவுக்குக் குறையாத துண்டாக, ஒவ்வொன்றிலும் முளைக்கண் இருக்கும்படி வெட்டிச் சாணிக் கரைசலில் முக்கி நிழலில் உலர்த்தி ஊன்ற வேண்டும். எங்களிடம் கொஞ்சம் இருக்கும், வேண்டுமானால் மாசியில் ஒரு நடை வந்து எடுத்துக்கொள்ளுங்கள், அம்மாவையும் கூட்டி வாருங்கள்.